வலமும் இடமும் அறிந்த நுண்ணுயிர்கள்

வலம்புரிச் சங்கின் அருமை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்போர் கரையேற்றும் எண்ணற்ற சங்குகளுக்கு நடுவே அது மிக அபூர்வமாகவே அகப்படுகிறது என்பதையும், சாதாரணச் சங்குக்கும் அதற்கும் பொருளில் பேதம் எதுவும் இல்லை, சுழற்சியின் திசை ஒன்றே பேதம் என்பதையும் நாம் அறிவோம். ஒன்றைக் கண்ணாடிக்கு முன் வைத்தால் தெரியும் பிம்பமே மற்றொன்று. ஆயினும் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் இரண்டும் ஒன்றாகப் பொருந்துவதில்லை. கார்பன் அணுவை ஆதாரமாகக் கொண்ட மூலக்கூறுகள் பலவற்றுக்கும் இந்த இயல்பு உண்டு. ஒரு கார்பன் அணுவைச் சுற்றி ஒன்றுக்கொன்று வேறான நான்கு அணுக்களோ அணுக்கூட்டங்களோ இணைந்திருக்குமாயின், அவை அமையும் ஒழுங்கு இரண்டு விதமாகலாம். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். ஹாலந்து தேசத்து வான்ட் ஹாஃப், பிரான்சு தேசத்து லெ பெல் என்னும் இரண்டு இளைஞர்கள் 1874-ல் தனித்தனியே இந்த உண்மையை வெளியிட்டார்கள். இத்தகையவற்றைக் கைரல் மூலக்கூறுகள் என்பது இன்றைய வழக்கு. அவற்றின் இரு வடிவங்களையும் வலம்புரி, இடம்புரி என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

கடலில் வலம்புரி அபூர்வம். ரசாயன சாலையின் குடுவையிலோ இரண்டும் சரிபாதி. வலம், இடம் என்ற பேதமே அறியாத அமிலங்களையும் காரங்களையும் கொண்டு ஒரு பொருளை ஆக்கும்போது, ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதை விலக்க அவற்றுக்கு யாதொரு காரணமும் இல்லாமையால், இரண்டும் சம அளவில் கலந்தே விளைகின்றன. உயிருள்ள உடலின் நிலை இதற்கு நேர்மாறானது. நம் தசையையும் குருதியையும் ஆக்கும் புரதங்கள் ஒரே பக்கத்து அமினோ அமிலங்களால் ஆனவை. நாம் உண்ணும் சர்க்கரையும் ஒரே வடிவத்தது. ஆகவே குடுவையில் பிறந்த கலவை உடலுக்குள் செல்லும்போது, உடல் அதனை ஒரே பதார்த்தமாக அல்ல, இரண்டு வெவ்வேறு பதார்த்தங்களாகவே எதிர்கொள்கிறது. கார்வோன் என்னும் வாசனைப் பொருளின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகையின் மணத்தைத் தருகிறது. அதன் பிம்பமாகிய மற்றொரு வடிவம் நாட்டு மருந்துக் கடையில் நமக்குப் பழக்கமான சதகுப்பை விதையில் இருக்கிறது. மூக்கு இரண்டையும் ஒரு நொடியில் பிரித்தறிந்துவிடுகிறது.

மூக்கு அறிவது வாசனையோடு முடிந்துவிடும்; மருந்தின் விஷயம் அப்படியன்று. நடுக்குவாதத்துக்குக் கைகண்ட மருந்தாகிய டோபா முதலில் இரு வடிவமும் கலந்தே நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. குணம் அளிப்பது இடம்புரி வடிவம் மட்டுமே என்பதும், மற்றது தீங்கையே கூட்டியது என்பதும் தெரிந்த பின்னர் அந்த ஒன்றை மட்டும் தனித்துக் கொடுக்கலானார்கள். நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதைக்குள் இருப்பதும் அந்த இடம்புரி வடிவமே. இந்த இடத்தில் தாலிடோமைடு மருந்தின் கொடிய வரலாறு வழக்கமாக எடுத்துச் சொல்லப்படும். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-ன் இறுதியில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள், கருவிலிருந்த குழந்தைகள் பல்லாயிரவரை அது ஊனப்படுத்தியது. ஒரு வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்தக் கொடுமை நேர்ந்திராது என்று எழுதுவோர் பலர், அது சரியன்று. தாலிடோமைடின் இரு வடிவங்களும் உடலுக்குள்ளேயே ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகின்றன. ஆதலால் பிரித்தெடுப்பது எல்லாத் தீமைக்கும் பரிகாரமன்று. ஆயினும் எந்த வடிவம் உடலில் என்ன செய்கிறது என்று அறியாமல் மருந்து கொடுப்பது தகாது என்ற விவேகம் உலகத்துக்கு உறைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1992-ல் இது பற்றித் தனியே ஒரு கொள்கை வகுத்தது. அதன் பின் ஒரே வடிவத்தை மட்டும் ஆக்கும் கலை மருந்துத் தொழிலின் அன்றாடத் தேவையாகிவிட்டது.

ஒரு பக்கம் சாராத பொருள்களிலிருந்து ஒரு பக்கம் சார்ந்த பொருளை எப்படிப் பெறுவது? ஏற்கனவே பக்கம் சார்ந்திருக்கும் ஏதேனும் ஒன்று அந்தச் செயலில் கலந்துகொண்டாலன்றி அது இயலாது. அப்படிப்பட்ட துணையை உலகம் முழுவதும் நிறைந்த ஜீவராசிகளிடமே, அதிலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களிடம், மனிதன் கேட்டுப் பெற்ற வரலாறுதான் இங்கே சொல்ல வந்தது.

அதன் ஆரம்பம் லூயி பாஸ்டரிடம் இருக்கிறது. திராட்சை மதுவின் பீப்பாய்களில் படியும் டார்டாரிக் அமிலம், நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம், ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தன் கரைசலின் வழியே செலுத்தினால் அந்தத் தளத்தை வலப்புறம் திருப்பும். அதே அணுச்சேர்க்கை உடைய ரசீமிக் அமிலமோ ஒளியை எப்பக்கமும் திருப்புவதில்லை. இருபத்தைந்து வயது இளைஞராயிருந்த பாஸ்டர் 1848-ல் பாரிஸில் இரண்டாவது அமிலத்தின் உப்பைப் படிகமாக்கி, உருப்பெருக்கியின் கீழ் அந்தப் படிகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வலப்புறம் சாய்ந்த முகங்கள் உடையவற்றை ஒரு பக்கமும் இடப்புறம் சாய்ந்தவற்றை மறுபக்கமுமாகக் கையாலேயே பிரித்து, இரண்டையும் தனித்தனியே கரைத்தபோது, ஒரு கரைசல் ஒளியை வலத்துக்கும் மற்றொன்று இடத்துக்கும் திருப்பக் கண்டார். அந்த உப்பு ஏறக்குறைய 27 பாகை வெப்பத்துக்கு மேல் இப்படித் தனித்தனிப் படிகங்களாகப் பிரிவதில்லை. பாரிஸின் குளிருக்குப் பதிலாகச் சென்னையின் கோடையில் அவர் வேலை செய்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு அவருக்கு வாய்த்திராது.

இது எல்லோரும் சொல்லும் கதை. என் மனத்தை அதைவிட மிகுதியாகக் கவர்வது, ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பின் அவர் செய்த மற்றொரு பரிசோதனை. இரு வடிவமும் கலந்த டார்டாரிக் உப்பின் கரைசலில் ஒரு நுண்ணுயிரை வளரவிட்டு, நாளுக்கு நாள் அந்தத் திரவத்தின் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்து வந்தார். தொடக்கத்தில் ஒளியின் தளம் எப்பக்கமும் திரும்பவில்லை. திரவம் கலங்கத் தொடங்கியதும் அது இடப்புறமாகச் சிறிது திரும்பிற்று. பின்னர் மேலும் மேலும் திரும்பி, ஓர் உச்ச அளவை எட்டியதும் நொதித்தல் நின்றுவிட்டது. வலம்புரி உப்பை முழுவதும் உண்டு தீர்த்த அந்த உயிர் இடம்புரி உப்பைத் தொடவேயில்லை! ரொட்டியிலும் பழத்திலும் படரும் பச்சைப் பூசணமும் இதையே செய்வதை அவர் பின்னர் கண்டார். மனிதன் உருப்பெருக்கியும் இடுக்கியும் கொண்டு அரும்பாடுபட்டுப் பிரித்ததை, ஒரு பூசணம் தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும் சாதாரணக் காரியத்தின் ஊடே பிரித்துவிட்டது. பாஸ்டர் இதனை ஒரு விந்தையாக மட்டும் கருதவில்லை. ஒரு பக்கம் சார்ந்திருத்தலே ஜீவனுக்கும் ஜடத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு என்று தம் வாழ்நாள் முழுவதும் எண்ணி வந்தார்.

பூசணத்துக்குள் இருந்து அந்தத் தேர்வைச் செய்வது எது? ஜெர்மனியின் எமில் ஃபிஷர், சர்க்கரை வகைகள் பலவற்றை ஈஸ்டின் சாற்றோடும் வாதுமைப் பருப்பின் சாற்றோடும் கலந்து பார்த்து, பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் நொதிக்கு அதன் இரை பொருந்த வேண்டும் என்று 1894-ல் எழுதினார். மூன்றாண்டுகளுக்குப் பின் எட்வர்ட் புக்னர், ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றேனும் எஞ்சாத வெறும் சாறே சர்க்கரையைச் சாராயமாக்குவதைக் காட்டினார். உயிரின் மர்மம் என்று எண்ணப்பட்டது, உயிரினின்றும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைக்கக்கூடிய புரதங்களின் தொழில் என்று தெளிவாயிற்று. அந்தப் புரதங்களே நொதிகள், அதாவது என்சைம்கள். நொதி ஒவ்வொன்றும் ஒரே பக்கத்து அமினோ அமிலங்களைக் கோத்து மடித்த சங்கிலி. அதன் நடுவே உள்ள குழிவும் ஆகவே ஒரு பக்கம் சார்ந்தது. அதற்குள் வந்து பொருந்தும் மூலக்கூறு தன் முகங்களுள் ஒன்றை மட்டுமே வினைக்குக் காட்ட முடிகிறது. 1908-ல் ரோசந்தாலர் என்பவர் வாதுமைச் சாற்றின் முன்னிலையில் பென்சால்டிஹைடையும் ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் சேர்த்து, ஒரே வடிவம் மிகுந்த புதிய பொருளை ஆக்கினார். இருப்பதைப் பிரிப்பதிலிருந்து, இல்லாததை ஒரு பக்கமாகவே சிருஷ்டிக்கும் கலை அப்போது தோன்றியது.

அக்கலை தொழிற்சாலைக்குள் நுழைந்தது எபெட்ரின் என்ற மருந்தின் வழியாக. சீன தேசத்தில் மா ஹுவாங் என்று வழங்கும் புதரில் இருந்து 1885-ல் ஜப்பானியரான நாகாய் பிரித்தெடுத்த இந்தப் பொருள், ஈளை நோயால் மூச்சுத் திணறுவோருக்கு ஆறுதல் தருவது. அதன் மூலக்கூறில் பக்கம் சார்ந்த கார்பன்கள் இரண்டு இருப்பதால் வடிவங்கள் நான்கு, வேண்டுவது ஒன்றே. பெர்லினில் கார்ல் நியூபெர்க் 1921-ல் கண்ட உபாயம் இது: சர்க்கரைக் கரைசலில் நொதித்துக் கொண்டிருக்கும் ஈஸ்டுக்கு, கசப்பு வாதுமையின் மணமுள்ள பென்சால்டிஹைடைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால், சர்க்கரையைச் சாராயமாக்கும் பாதையில் நடுவே தோன்றும் இரண்டு கார்பன் துண்டத்தை ஈஸ்டின் நொதி அதனோடு ஒட்டிவிடுகிறது, ஒட்டும்போது ஒரு பக்கமாகவே ஒட்டுகிறது. பென்சால்டிஹைடு ஈஸ்டுக்கு நஞ்சு. அளவு மிஞ்சினால் ஈஸ்ட் மாண்டுபோகும், குறைந்தால் விளைச்சல் இராது. அந்த நிதானம் அறிந்தவரே இத்தொழிலில் தேர்ந்தவர். அதன் பின் ரசாயன முறையில் மெதிலமீனையும் ஹைட்ரஜனையும் சேர்க்கையில், ஈஸ்ட் அமைத்த முதல் கார்பனே அடுத்த கார்பன் எப்பக்கம் அமைய வேண்டும் என்பதை நிர்ணயித்துவிடுகிறது. யூதராகப் பிறந்த காரணத்தால் நியூபெர்க் தம் பதவியையும் தாய்நாட்டையும் இழந்து நியூயார்க்கில் உயிர் நீத்தார். அவர் கண்ட முறையோ இன்றளவும் இந்தியா உட்படப் பல நாடுகளில் வழங்கி வருகிறது.

ஈஸ்டின் இந்த ஆற்றலை யாரும் அருகிருந்து காணலாம். ரசாயனச் செய்முறைகளைச் சரிபார்த்து வெளியிடும் ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ தொகுதியில் 1985-ல் வந்த ஒரு முறை, படிக்கும்போது ரொட்டிக் கடைக்காரரின் குறிப்புப் போலவே இருக்கிறது: வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், சர்க்கரை 300 கிராம், ரொட்டி ஈஸ்ட் 200 கிராம். ஒரு மணி நேரம் கலக்கி, குமிழிகள் ஒழுங்காக எழத் தொடங்கியபின் எத்தில் அசிட்டோஅசிட்டேட் என்ற எஸ்டரை 20 கிராம் சேர்க்கிறார்கள். மறுநாள் மேலும் சர்க்கரையும் மேலும் எஸ்டரும். இரண்டு மூன்று நாளில் அந்த எஸ்டரின் தட்டையான கீட்டோன் பகுதி ஒரு பக்கம் சார்ந்த ஆல்கஹாலாக மாறியிருக்கும். விலையுயர்ந்த உலோகம் இல்லை, அழுத்தக் கலம் இல்லை. ஆனால் கிடைப்பதில் நூற்றுக்கு 90-க்குச் சற்று மேற்பட்ட பங்கே விரும்பிய வடிவம். எஞ்சியது எதிர் வடிவம். ஈஸ்டுக்குள் இதே வேலையைச் செய்யும் நொதிகள் பல உண்டு. அவற்றுட் சில எதிர்ப்பக்கமாக வேலை செய்பவை. முழு உயிரை வேலைக்கு அமர்த்துவதன் அனுகூலமும் பிரதிகூலமும் இந்த ஒரு குடுவையில் விளங்கிவிடுகின்றன.

இத்துறையின் வரலாற்றில் டேடியஸ் ரைக்ஸ்டைன் என்ற பெயர் இருமுறை வருகிறது. சூரிச் நகரில் 1933-ல் வைட்டமின் சி-யைச் செயற்கையாக ஆக்க முயன்ற அவருக்கு, சார்பிட்டால் மூலக்கூறில் உள்ள ஆறு ஹைட்ராக்சில்களுள் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் மாற்றிச் சார்போஸ் ஆக்க வேண்டியிருந்தது. காடியில் வாழும் ஒரு பாக்டீரியம் அதைச் செய்யும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அவர் சார்பிட்டாலோடு மதுவும் காடியும் கலந்து திறந்தபடி வைத்த கோப்பைகளுள் ஒன்றில் பழ ஈ ஒன்று விழுந்து இறந்திருக்க, அதன் காலில் சார்போஸ் படிகங்கள் விளைந்திருந்தனவாம். பிற்காலத்தில் அவரே இதை நினைவு கூர்ந்தார். ஈ சுமந்து வந்த பாக்டீரியத்தின் வேலை அது. உலகத்து வைட்டமின் சி மாத்திரைகள் பல பத்தாண்டுகள் இந்த வழியிலேயே தயாராயின.

அவரது பெயர் இரண்டாம் முறை வருவது கார்ட்டிசோனோடு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் படுக்கையில் கிடந்த நோயாளிகள் இந்த ஹார்மோனை ஊசியால் ஏற்றிய சில நாட்களில் எழுந்து நடமாடினார்கள். இரண்டே ஆண்டுகளில் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. ஆனால் மருந்து எங்கே? மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் அதை ஆக்க வேண்டியிருந்தது. 615 கிலோ பித்த அமிலம் கொண்டு ஒரு கிலோ மருந்து. ஒரு கிராம் 200 டாலர். நான்கு வளையங்கள் ஒட்டிய அந்த மூலக்கூறில் பதினோராவது கார்பனில் ஓர் ஆக்சிஜனை ஏற்றுவதே பெருந்தடை. பற்றிப் பிடிக்க வேறு வினைக்கூட்டம் எதுவும் அருகில் இல்லாத அந்த இடத்தைச் சாதாரண ரசாயனத்தால் எட்ட முடியவில்லை. மிச்சிகனில் அப்ஜான் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் மரேயும், ஆய்வுக்கூடத்து ஜன்னலோரத்தில் ஊட்டக்கூழ்த் தட்டைத் திறந்து வைத்து, காற்றில் மிதந்து வந்து அதில் படிந்த பூசணத்தை வளர்த்து, புரோஜெஸ்டிரோனோடு சேர்த்துப் பார்த்தார்கள். ரைசோபஸ் இனத்தைச் சேர்ந்த அந்தப் பூசணம், பதினோராவது கார்பனில், அதுவும் அந்த ஒன்றில் மட்டும், ஒரே படியில் ஆக்சிஜனை ஏற்றிவிட்டது. 1952-ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து மலிவாகக் கிடைத்த புரோஜெஸ்டிரோன் மூலப்பொருளாயிற்று; கார்ட்டிசோனின் விலை கிராமுக்கு 6 டாலராக இறங்கியது. ரைசோபஸ் அந்த ஆக்சிஜனை வளையத்தின் ஒரு முகத்திலிருந்து ஏற்றுகிறது; கர்வுலேரியா என்ற மற்றொரு பூசணம் எதிர் முகத்திலிருந்து ஏற்றுகிறது. எந்த முகம் வேண்டுமோ அதற்கேற்ற பூசணத்தைத் தேடிக் கொள்ளலாம்.

இப்படித் தேடிக்கொள்ள வேண்டியிருப்பதே நொதிகளின் பெருங்குறையும் ஆகும். உலோக ஊக்கிகளைக் கொண்டு இதே காரியத்தைச் செய்யும் வேறொரு வழி உண்டு. நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவரும் 2001-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். அவ்வழியில் செல்பவர், எதிர் வடிவம் தேவையானால் ஊக்கியின் எதிர் வடிவத்தை எடுத்துக்கொண்டால் போதும். நொதியை அப்படி மாற்ற இயலாது; அதன் பிம்பமாகிய நொதி இயற்கையில் எங்கும் இல்லை. தவிர, பெரும்பாலான நொதிகள் தண்ணீரிலும் மிதமான வெப்பத்திலுமே வாழப் பழகியவை. இக்குறைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வந்திருக்கின்றன. ஜப்பானில் சிபாட்டா குழுவினர் 1969-ல் ஒரு நொதியைத் திடப்பொருளின் மேல் பிணைத்து நிறுத்தி, இருவடிவக் கலவையை அதன் வழியே ஓடவிட்டு, அமினோ அமிலங்களைத் தொழில் முறையில் பிரித்தார்கள். விலையுயர்ந்த நொதி ஒருமுறையோடு வீணாகாமல் மீண்டும் மீண்டும் உழைத்தது. 1984-ல் சாக்ஸும் கிளிபனோவும் கணையத்து லைப்பேஸ் ஏறக்குறைய நீரற்ற கரைப்பானில் 100 பாகையிலும் வேலை செய்வதைக் காட்டி, நீரின்றி நொதி இல்லை என்ற நெடுநாள் நம்பிக்கையை அசைத்தார்கள்.

ஆயினும் பெரிய திருப்பம் 1993-ல் கலிபோர்னியாவில் ஃபிரான்சஸ் ஆர்னால்டின் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது. நொதியின் ஜீனில் தற்செயலான மாற்றங்களைப் புகுத்தி, அவற்றால் விளையும் ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்து, சிறந்ததை மட்டும் எடுத்து மீண்டும் மாற்றி, இயற்கை யுகயுகமாகச் செய்வதைச் சில மாதங்களில் செய்விக்கும் முறை அது. அம்முறையின் பலனை நீரிழிவு நோயாளிகள் பலர் அறியாமலே அனுபவிக்கிறார்கள். அவர்கள் உட்கொள்ளும் சிட்டாகிளிப்டின் மூலக்கூறில் ஓர் அமீன் ஒரே பக்கமாக அமைய வேண்டும். முதலில் ரோடியம் உலோகத்தையும் உயர் அழுத்த ஹைட்ரஜனையும் கொண்டு அதைச் செய்தார்கள்; உலோகத்தின் எச்சத்தை நீக்கவும் எதிர் வடிவத்தைக் களையவும் தனி உழைப்பு வேண்டியிருந்தது. அமீனை ஏற்றக்கூடிய பாக்டீரிய நொதி ஒன்று கையிலிருந்தும், இந்தப் பருத்த மூலக்கூறு அதன் குழிவுக்குள் நுழையவே இல்லை. மெர்க், கோடெக்சிஸ் என்ற இரு நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், முதலில் மூலக்கூறின் ஒரு பகுதியை வெட்டிச் சிறிதாக்கிக் கொடுத்து நொதியைப் பழக்கினார்கள். பின்னர் குழிவை அகலப்படுத்தி முழு மூலக்கூறையும் கொடுத்தார்கள். 27 அமினோ அமிலங்கள் மாறிய பின், 2010-ல் அவர்கள் வெளியிட்ட நொதி, கரைப்பான் பாதி கலந்த நீரில் நின்று, எதிர் வடிவத்தின் சுவடே தெரியாதபடி வேலையை முடித்தது. விளைச்சல் நூற்றுக்கு 10 முதல் 13 வரை உயர்ந்தது. கழிவு நூற்றுக்கு 19 பங்கு குறைந்தது. அழுத்தக் கலங்களுக்கு இடமே இல்லாது போயிற்று. தொழிற்சாலையை அடுத்து வாழ்வோரின் கிணற்று நீரை எண்ணிப் பார்க்கும்போது, அந்த 19 பங்கை மற்ற எல்லாவற்றிலும் பெரிதாகவே நான் கருதுகிறேன்.

2018-ல் ஆர்னால்டுக்கு நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. அதற்கு இரண்டாண்டு முன் அவருடைய குழுவினர், ஐஸ்லாந்து தேசத்தின் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் புரதத்தை எடுத்து, கார்பனையும் சிலிக்கனையும் பிணைக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். மணலிலும் பாறையிலும் சிலிக்கன் மலிந்து கிடந்தும், அதைக் கார்பனோடு பிணைக்கும் உயிர் எதுவும் உலகில் அறியப்படவில்லை. அந்தப் புரதத்துக்கும் பாக்டீரியத்துக்குள் இருந்த வேலை எலெக்ட்ரான்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டு செல்வது மட்டுமே. மூன்று அமினோ அமிலங்களை மாற்றியபின் அது மனிதன் அறிந்த மிகச் சிறந்த ரசாயன ஊக்கிகளையும் இந்த வேலையில் பன்மடங்கு விஞ்சியது. எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே, தன் இனம் ஒருகாலும் செய்தறியாத அந்தப் பிணைப்பை அது சிறிதளவு செய்துகாட்டிற்று. அப்படிச் செய்ததிலும் நூற்றுக்கு 98-க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் ஒரே பக்கம் சார்ந்தே பிறந்திருந்தன.